ஊசி சாயாத ஊர்

ஒரு தையல் ஊசியின் நடுவில் நூல் கட்டி, இரு பக்கமும் சமமாக நிற்கும்படி தொங்கவிடுங்கள். கட்டை அவிழ்க்காமல், ஊசியின் மேல் ஒரு காந்தத்தை ஒரே திசையில் பலமுறை தேயுங்கள். இப்போது ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். டெல்லியில் இதைச் செய்தால் வடக்கு முனை தரையை நோக்கி நன்றாகச் சாய்ந்துவிடும். திருவனந்தபுரத்தில் ஊசி ஏறக்குறைய படுக்கையாகவே இருக்கும்.

ஏன் அப்படி? பூமியே ஒரு பெரிய காந்தம். அதன் விசைக்கோடுகள் காந்தத் துருவங்களில் தரைக்குச் செங்குத்தாக இருக்கும். இரண்டுக்கும் இடையே ஓரிடத்தில் தரைக்கு இணையாகப் படுத்துவிடும். அப்படிப்பட்ட இடங்களையெல்லாம் சேர்த்தால் வருவது காந்த நடுக்கோடு. இந்தியாவில் அது தென்கோடி வழியாகத்தான் போகிறது. திருவனந்தபுரம் அதன் அருகிலேயே இருக்கிறது.

1795 வாக்கில் திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இந்த ஊருக்கு மாறியது. பின்னர் ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா இசைமேதை. வானியலிலும் ஆர்வம் கொண்டவர். 1837இல் இங்கே ஒரு குன்றின்மேல் வானாய்வகம் அமைத்து, ஜான் கால்டெகாட் என்பவரை அதன் இயக்குநராக்கினார். உலகின் பல இடங்களில் பூமியின் காந்தத்தை அளக்கும் பெருமுயற்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்தக் குன்றிலும் காந்தக் கருவிகள் வந்தன.

1852இல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன், அகத்தியமலை உச்சிக்கே ஆட்களையும் கருவிகளையும் கொண்டுபோய் இன்னொரு ஆய்வகம் கட்டினார். காடும் மழையும் யானையும் நிறைந்த மலை அது! ஆண்டுக்கணக்காக எழுதிவைத்த அளவுகளிலிருந்து அவர் ஓர் உண்மையைக் கண்டார். பூமியின் காந்தவலு சுமார் 26 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு தொடர்புடையது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சூரியன் சுழல்வதை இங்கே ஒரு சிறு காந்தம் காட்டிக்கொடுத்தது!

பகலில் காந்த ஊசி மெல்ல நகர்வதற்கும் சூரியனே காரணம். தரைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், வெயிலால் மின்னேற்றம் பெற்ற காற்றில் மின்சாரம் ஓடுகிறது. காந்த நடுக்கோட்டின் மேலே அது ஆறுபோலக் குறுகலாகவும் வலுவாகவும் பாய்கிறது. அதை அருகில் போய் அளப்பது எப்படி? பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. ராக்கெட் ஒன்றுதான் வழி.

அதனால்தான் விஞ்ஞானி விக்ரம் சாராபாய், ராக்கெட் ஏவ, காந்த நடுக்கோட்டுக்கு அருகே திருவனந்தபுரத்தை ஒட்டியிருந்த தும்பா என்ற மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த புனித மரிய மகதலேனா தேவாலயத்தைத் தரும்படி ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவிடம் கேட்டார். மக்கள் தங்கள் வீடுகளையும் வழிபட்ட கோயிலையும் அறிவியலுக்காக விட்டுக்கொடுத்து வேறிடம் சென்றார்கள். தேவாலயம் அலுவலகமானது. ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் வந்தன. ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாமும் அங்கே வேலை செய்தார். 1963 நவம்பர் 21 அன்று மாலை நைக்கி அப்பாச்சி என்ற அமெரிக்க ராக்கெட் கிளம்பியது. அது வெளியிட்ட சோடியம் ஆவி வானத்தில் ஆரஞ்சு நிற மேகமாக ஒளிர்ந்தது. அந்த மேகம் நகர்ந்த விதத்தைப் பார்த்து, மேலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கணக்கிட்டார்கள். 1968இல் இந்த ஏவுதளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எல்லா நாட்டு விஞ்ஞானிகளுக்கும் அது பொதுவானது.

திருவனந்தபுரம் போனால் கோயிலையும் மிருகக்காட்சிசாலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வானாய்வகம் இன்றும் அதே குன்றில் இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. தும்பா தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். இடித்துவிடாமல் அப்படியே காத்து வருகிறார்கள். உள்ளே ராக்கெட்டுகளைப் பார்த்த பிறகு, அந்த இடத்தைக் கொடுத்த கடற்கரை மக்களைப் பற்றியும் வழிகாட்டியிடம் கேளுங்கள். இந்திய விண்வெளி வரலாற்றின் முதல் பக்கத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு.