இருப்புப்பாதையும் வெந்நீர்க்குழாயும்

எதிர்கால நகரங்களைப் பற்றிப் பேசுவோர் இன்று பெரும்பாலும் மூன்று முகாம்களாகப் பிரிந்து நிற்கின்றனர். வீடுகளும் வீதிகளும் எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராய்பவர்கள் ஒரு புறம். ரயிலா, பஸ்ஸா, சொந்தக் காரா என்று வாதிப்பவர்கள் மற்றொரு புறம். அணுசக்தி வரப்பிரசாதமா, பேரபாயமா என்று ஓயாமல் போராடுபவர்கள் வேறொரு புறம். இம்மூன்று விவாதங்களும் அடிப்படையில் ஒன்றே என்பதை அநுபவத்தில் காட்டிய ஊர் ஒன்று உண்டு. ஸ்வீடன் தேசத்தின் தலைநகரான ஸ்டாக்ஹோமின் தென்புறத்தில் உள்ள பார்ஸ்டா என்னும் புறநகரே அது. அங்கே குடியிருந்தவர்கள் 1964 தொடங்கிப் பத்தாண்டுக் காலம், காலையில் நகர ரயிலேறி வேலைக்குச் சென்று, மாலையில் அணு உலையின் உஷ்ணத்தால் வெதுவெதுப்பாக்கப்பட்ட அறைகளுக்குத் திரும்பி, அந்த நாட்டின் நீண்ட குளிர்காலங்களைக் கழித்தார்கள்.

ஆனால் கதை உலையிலிருந்து தொடங்குவதன்று, நிலத்திலிருந்து தொடங்குவது. ஸ்டாக்ஹோம் நகரசபை 1904ஆம் ஆண்டில், நகர எல்லைக்கு வெளியே கிடந்த என்ஸ்கேடே என்னும் பெரும் பண்ணையை விலைக்கு வாங்கிற்று. அதன்பின் பல்லாண்டுகள் தொடர்ந்து, சுற்றுப்புறத்துப் பண்ணைகளையும் காடுகளையும், அவற்றில் யார் குடியேறுவார்கள், எப்போது குடியேறுவார்கள் என்பது எவருக்கும் புலப்படாத காலத்திலேயே, ஒவ்வொன்றாகத் தன் உடைமையாக்கிக் கொண்டது. ஒரு நகரசபை செய்யக்கூடிய காரியங்களுள் இதைவிடத் தீர்க்கதரிசனமானது வேறொன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. ரயில் வரப்போகிறது என்ற வதந்தி பரவியதுமே நிலத்தின் விலை பன்மடங்கு ஏறி, பொதுப்பணத்தில் இடப்பட்ட பாதையின் லாபமெல்லாம் சில தரகர்களின் கைக்குப் போய்ச் சேர்வதும், ஏழைக் குடும்பங்கள் நிலையத்திற்கு வெகு தூரத்தில் ஒதுக்கப்படுவதும் உலகத்தின் எத்தனையோ நகரங்களில் நாம் காணும் துயரம். நிலம் முன்கூட்டியே பொதுவுடைமையாகிவிட்ட இடத்தில், ரயில்பாதையையும் வீடுகளையும் ஒரே கையால் ஒரே வரைபடத்தில் வரைய முடிந்தது.

நகர ரயில் அமைப்பதென்று சபை 1941ஆம் ஆண்டில் தீர்மானித்தபோது ஸ்டாக்ஹோமின் ஜனத்தொகை ஆறு லட்சம் அளவிலேயே இருந்தது. முதற்பாதை, ஸ்லுசென் என்னும் இடத்திலிருந்து தெற்கே ஹோக்கரெங்கன் வரையில், 1950 அக்டோபர் முதல் தேதியன்று திறக்கப்பட்டது. நகர அமைப்பு இயக்குநராக இருந்த கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்கேலியுஸின் தலைமையில் உருவாகி 1952இல் வெளிவந்த பொதுத் திட்டம், புறநகர்களை ரயில்பாதையின் மீது முத்துக்களைக் கோத்தாற்போல் நிறுத்திற்று. நிலையத்தை ஒட்டிக் கடைவீதியும் நூலகமும் திரையரங்கும். அதைச் சூழ்ந்து சுமார் 500 மீட்டர் தூரத்திற்குள் அடுக்குமாடி வீடுகள். அதற்கப்பால் ஒரு கிலோமீட்டர் வரையில் வரிசை வீடுகளும் தனி வீடுகளும். அதற்கும் அப்பால் காடு. வேலை, வீடு, கடைவீதி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் என்ற இலட்சியத்தோடு, இவ்வகைப் புறநகர்களுள் பெரும் புகழ் பெற்ற வெலிங்பி 1954இலும், பார்ஸ்டாவின் கடைவீதி 1960இலும் திறக்கப்பட்டன.

அந்த இலட்சியம் முழுமையாக நிறைவேறவில்லை. புறநகரில் குடியிருப்பவருள் பாதிப் பேர் அங்கேயே வேலை செய்வார்கள் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, மிகச் சிலரே அவ்வாறு செய்தனர். ஏனையோர் ரயிலேறி வேறிடங்களுக்குச் சென்றனர். ஆனால் இதில் வருந்துவதற்கு அதிகமில்லை. மனிதர் தமக்குப் பிடித்த வேலையைத் தேடிப் போவது இயல்பு. அவ்வாறு போகிறவருக்குக் காரின் தேவையில்லாமல் செய்ததே திட்டத்தின் மெய்யான வெற்றி. மேலும், புறநகர்களிலும் அலுவலகங்கள் இருந்தமையால், காலையில் நகரத்தை நோக்கி நிறைந்து செல்லும் வண்டிகள் திரும்புகையில் வெறுமையாக ஓடவில்லை.

இனி உலைக்கு வருவோம். பார்ஸ்டாவுக்கு அருகில், ஓகேஸ்டா என்னும் இடத்தில், பாறையைக் குடைந்து அமைத்த குகைக்குள் அந்த உலை நிர்மாணிக்கப்பட்டது. செறிவூட்டிய எரிபொருளுக்காக அயல்நாட்டின் தயவை நாடாமல், இயற்கை யுரேனியத்தையும் கனநீரையும் கொண்டே உலைகளை இயக்குவது என்பது அந்நாளைய ஸ்வீடனின் கொள்கை. அணுகுண்டு செய்யும் வழியையும் அடைத்துவிடாமல் வைத்துக் கொள்ளும் உத்தேசம் அதற்குள் மறைந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். (நம் கல்பாக்கத்தின் பழைய மின் உலைகளும் இயற்கை யுரேனியமும் கனநீரும் கொண்டவையே. ஸ்வீடனோ பின்னால் அணுகுண்டு எண்ணத்தை அடியோடு கைவிட்டது.) ஓகேஸ்டா உலை 65 மெகாவாட் உஷ்ணத்தைத் தந்தது. அதில் சுமார் 10 மெகாவாட் மட்டும் மின்சாரமாயிற்று. எஞ்சிய 55 மெகாவாட்டும் வெந்நீராகக் குழாய்கள் வழியே பார்ஸ்டாவின் வீடுகளுக்குச் சென்றது.

இந்த விகிதத்தைச் சற்றே ஊன்றிப் பார்க்க வேண்டும். சாதாரண அணுமின் நிலையம் ஒன்று, தான் உண்டாக்கும் உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றுகிறது. மீதி இரு பங்கும் கடலிலோ ஆற்றிலோ கலந்து வீணாகிறது. அந்த உஷ்ணத்தை வீடுகளுக்குத் திருப்பினால் அளவற்ற எரிபொருள் மிச்சமாகும். ஆனால் மின்சாரத்தைப் போல வெந்நீரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் எளிதில் அனுப்ப இயலாது. குழாயின் ஒவ்வொரு மீட்டருக்கும் செலவு உண்டு. வழி நீள நீளச் சூடும் குறையும். ஆகவே, வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் வெந்நீர்க்குழாய் கட்டுபடியாகாது. அதே காரணத்தால் அந்த ஊரில் ரயிலும் கட்டுபடியாகாது. பார்ஸ்டாவில் இரண்டும் சாத்தியமானதற்கு அங்கே ஜனங்கள் ஒரு நிலையத்தைச் சுற்றி நெருங்கி வாழ்ந்ததே காரணம்.

இங்கேதான் அணுசக்தியின் தீராத முரண்பாடும் எழுகிறது. உஷ்ணத்தைப் பயன்படுத்த உலை ஊருக்கு அருகில் இருக்க வேண்டும். அபாயத்தை எண்ணினால் ஊருக்கு வெகு தூரத்தில் இருக்க வேண்டும். ஓகேஸ்டாவில் பாறையே கவசமாகும் என்று நம்பினார்கள். 1969 மே மாதத்தில் குளிர்நீர்க் குழாய் ஒன்று உடைந்து, பெருகிய வெள்ளம் மின்சாதனங்களைத் தாக்கிக் கோளாறுகளை விளைவித்தது. எவருக்கும் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆயினும் அதன் முழு விவரம் பொதுஜனங்களுக்குத் தெரியவரப் பல்லாண்டுகள் ஆயின. குழாய் உடைந்ததைவிட இந்த மௌனமே பெரிய குற்றம் என்பது என் அபிப்பிராயம். தன் வீட்டுக்கு உஷ்ணம் எங்கிருந்து வருகிறது என்று அறிந்த பிரஜைக்கு, அங்கே என்ன நேர்ந்தது என்று அறியவும் உரிமை உண்டு.

1974 ஜூன் மாதத்தில் உலை மூடப்பட்டது. பாதுகாப்பை உயர்த்துவதற்கு ஆகும் செலவும், முடிவெடுத்த சமயத்தில் எண்ணெய் மலிவாகக் கிடைத்ததும், கடற்கரைகளில் பெரிய உலைகள் எழத் தொடங்கியதும் காரணங்களாயின. பார்ஸ்டா குளிரில் நடுங்கவில்லை. அதே குழாய்களில் வேறு கொதிகலன்களின் வெந்நீர் ஓடிற்று. இன்று ஸ்டாக்ஹோமின் குழாய்வலைக்கு மரக்கழிவும் குப்பையும் எரித்துப் பெற்ற உஷ்ணமும், சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து வெப்ப ஏற்றிகள் மீட்டெடுத்த உஷ்ணமும் வந்து சேர்கின்றன. உலை பத்தாண்டில் போயிற்று. குழாயும் ரயில்பாதையும் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. சக்தியின் மூலத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை சிதறவிட்ட ஊரைத் திரும்பக் கூட்டுவதோ ஏறக்குறைய அசாத்தியம். எனவே, அணு உலை வேண்டுமா, சூரிய ஒளி போதுமா என்ற வாதத்துக்கு முன்னால், நம் மக்கள் எங்கே, எவ்வளவு நெருக்கத்தில், எந்த நிலையத்துக்கு எவ்வளவு தூரத்தில் வசிக்கப் போகிறார்கள் என்ற கேள்வியையே நகர நிர்வாகிகளிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும் என்பேன்.

அணுசக்தி விவாதம் அற்பமானது என்பது இதற்குப் பொருளன்று. ஸ்வீடன் 1980இல் பொதுஜன வாக்கெடுப்பு நடத்தி, 2010க்குள் உலைகளைக் கைவிடுவதென்று தீர்மானித்தது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு எதிர்க்கரையில் இருந்த பார்ஸெபெக் உலைகள் இரண்டும் 1999இலும் 2005இலும் மூடப்பட்டன. பின்னர் ஸ்வீடன் மனம் மாறி, இப்போது புதிய உலைகளுக்கு அதன் அரசே ஊக்கமளிக்கிறது. சீனத்தின் ஷான்டோங் மாகாணத்தில் ஹையாங் நகரம், தன் அணுமின் நிலையத்தின் உஷ்ணத்தை 2019 முதல் வீடுகளுக்குப் பாய்ச்சி, 2021இல் ஊர் முழுவதையும் அதன் பயனுக்குள் கொண்டுவந்தது. வீட்டைச் சூடாக்கத் தேவையில்லாத நம் நாட்டில் அதே உஷ்ணத்துக்கு வேறு பயன் உண்டு: கல்பாக்கத்தில், அணுமின் நிலையத்தின் நீராவியையும் சவ்வூடு முறையையும் சேர்த்து, நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுடைய ஆலை ஒன்று மாதிரியாக அமைக்கப்பட்டது.

சிறிய உலைகளை நகரங்களுக்கு அருகிலேயே நிறுவலாம் என்று இன்று சொல்கிறவர்கள் ஓகேஸ்டாவைத் தங்கள் முன்னோடியாகக் காட்டுவதில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் அதன் முழு வரலாற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மூடப்பட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பிறகே அந்த உலையைப் பிரித்தெடுக்கும் பணி தொடங்கியது. நாட்டின் அணுக்கழிவைச் சுமார் 500 மீட்டர் ஆழத்தில் புதைப்பதற்கான சுரங்கத்தின் நிர்மாணப் பணி போர்ஷ்மார்க்கில் 2025இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன், அவ்விடம் அமைந்த எஸ்த்ஹம்மார் நகராட்சிக்குச் சட்டம் அளித்திருந்த மறுப்புரிமையை மதித்து, பல்லாண்டு ஆலோசனைகளுக்குப் பின் 2020இல் அதன் சம்மதம் பெறப்பட்டது. ரயில் நிலையத்துக்கும் உலைக்கும் இடம் குறிக்கப்படும்போதே அந்தந்த ஊராருக்கு இத்தகைய உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். வரைபடம் முடிந்த பின் நடத்தப்படும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் அதற்கு ஈடாகா.