செல்போனுக்கு ஒரு சட்டை: எதைப் பார்த்து வாங்குவது?

காலை 6 மணி. தாராவியில் இருந்து இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நம்மவர்கள் கிளம்பும் நேரம். ஒருவர் மாட்டுங்கா பக்கம் போவார். ஒருவர் செம்பூர் பக்கம் மிதிப்பார். ஹார்ன் சத்தம் கேட்டதும் கட்டிடங்களில் இருந்து ஆட்கள் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள்.

முன்பெல்லாம் இட்லி வியாபாரிக்குச் சட்டைப் பையில் சில்லறை இருந்தால் போதும். இப்போது சில்லறை நீட்டுபவர் குறைவு. சைக்கிளில் தொங்கும் அட்டையைச் செல்போனில் படம் பிடித்துப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். பணம் வந்ததா என்று பார்க்க வியாபாரியும் தன் போனை எடுக்கிறார். கையில் சட்னி ஈரம். போன் வழுக்குகிறது. சிமெண்டுத் தரையில் மூலை குத்தி விழுகிறது.

அவ்வளவுதான். கண்ணாடி முழுவதும் சிலந்தி வலை!

இது தினமும் ஏதாவது ஒரு தெருவில் நடக்கும் காட்சி. போனது கண்ணாடி மட்டும் என்றால் பரவாயில்லை. வங்கியில் இருந்து வரும் ரகசிய எண் அதில்தான் வருகிறது. லோக்கல் ரெயில் சீசன் டிக்கெட் அதில் இருக்கிறது. தாதரில் இருந்து நெல்லைக்குப் புறப்படும் சாளுக்கியா எக்ஸ்பிரசுக்கு எடுத்த டிக்கெட் அதில் இருக்கிறது. ராத்திரி வேலை முடிந்து வந்து ஊரில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். திரையை மாற்றக் கடைக்குப் போனால் பல நாள் கூலியைக் கேட்பார்கள்.

இத்தனைக்கும் காவலாக நிற்பது 100, 200 ரூபாய் கவர். அதை வாங்கும்போது நாம் பார்ப்பது என்ன? நிறம். அல்லது நடிகர் படம்!

பழைய போன் உடையவில்லையே?

"அந்தக் காலத்து பட்டன் போனை மாடியில் இருந்து போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. 2003-ம் ஆண்டு நோக்கியா கம்பெனி வெளியிட்ட 1100 என்ற போனை நினைத்துப் பாருங்கள். தூசி புகாத பட்டன் பலகை. கையில் வழுக்காத பக்கங்கள். நம்மைப் போன்ற நாட்டு மக்களை மனதில் வைத்தே அதைச் செய்தார்கள். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் தெறிக்கும். பொறுக்கி மாட்டினால் மறுபடி பேசும்.

இன்றைய போனுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. விலை கூடிய போனுக்குப் பின்பக்கமும் கண்ணாடி. பழைய போனுக்கு உடம்பே கவராக இருந்தது. இதற்குத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது.

மூலையைத் தடவிப் பாருங்கள்

இடுப்பு உயரத்தில் இருந்து, அதாவது சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் போன், தரையைத் தொடும்போது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் கண் இமைப்பதற்குள் நின்றாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு பலமான அடி.

சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் தண்டவாளம் முடியும் இடத்தில் பஃபர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடியைத் தான் வாங்கிக்கொண்டு, வண்டி நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுப்பது அதன் வேலை. நல்ல கவர் என்பது போனுக்கு ஒரு பஃபர்.

போன் தட்டையாக விழுவது அபூர்வம். பெரும்பாலும் மூலையோ விளிம்போதான் முதலில் குத்தும். முழு அடியும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். விரிசல் அங்கே கிளம்பித் திரை நடுவுக்கு ஓடும். ஆகவே கவரின் முதுகில் என்ன படம் என்று பார்ப்பதற்கு முன்னால் அதன் நான்கு மூலைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பக்கங்களைவிட மூலை தடிப்பாக, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி எழும்புவதாக இருக்க வேண்டும். சில கவர்களில் மூலையில் காற்று நிற்கும்படி குழி விட்டிருப்பார்கள். அதுவும் நல்லதே.

அடுத்தது வரப்பு. வயலுக்கு வரப்பு போலத் திரையைச் சுற்றிக் கவரின் விளிம்பு உயர்ந்து நிற்க வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். கவரை மாட்டி, போனைக் கண்ணாடி மேசை மீது குப்புற வையுங்கள். திரைக்கும் மேசைக்கும் நடுவே ஒரு தாளை நுழையுங்கள். தாள் தாராளமாகப் போனால் வரப்பு இருக்கிறது. சிக்கினால் இல்லை. பின்பக்கம் கேமராவைச் சுற்றியும் இதே மாதிரி பாருங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதலில் கவரை வாங்குகிறார்கள். அப்புறம் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறார்கள். ஒட்டிய கண்ணாடி திரையை உயர்த்திவிடும். வரப்பு மட்டமாகிவிடும். கண்ணாடியை முதலில் ஒட்டுங்கள். பிறகு கவரை மாட்டித் தாளை நுழைத்துப் பாருங்கள்.

அந்தக் கண்ணாடியின் அட்டையில் '9 எச்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் எண். வைரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கட்டிட வேலை பார்ப்பவர் சட்டைப் பையில் கிடக்கும் மணல் அந்தக் கண்ணாடியைக் கீறிவிடும்.

ரப்பரா, பிளாஸ்டிக்கா?

கடையில் 'சிலிக்கான் கவர்' என்று கேட்டால் கண்ணாடி போன்ற ஒரு கவரை எடுத்துப் போடுவார்கள். அது பெரும்பாலும் சிலிக்கான் அல்ல, டி.பி.யு. என்ற வளையும் பிளாஸ்டிக். விலை குறைவு, அடியைத் தாங்கும், கையில் பிடிப்பும் உண்டு. கொஞ்ச நாளில் மஞ்சளாகிவிடும். அழுக்கு என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அது அழுக்கு அல்ல. வெயிலும் வெப்பமும் பட்டு அந்தப் பொருளே நிறம் மாறுவது. மஞ்சளானதற்காக மாற்ற வேண்டாம். மூலை தளர்ந்து, போன் உள்ளே ஆட ஆரம்பித்தால் அன்றே மாற்றுங்கள்.

அசல் சிலிக்கான் மெத்தென்று இருக்கும், வழுக்காது. ஆனால் தூசியும் நூலும் ஒட்டும். தையல் கார்கானாவில் வேலை செய்பவருக்கு அது ஆகாது. சாயங்காலத்துக்குள் போனுக்கு மீசை முளைத்துவிடும்!

கெட்டியான, மினுமினுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கவர் பார்க்க லட்சணம். கீறலைத் தடுக்கும். விழுந்தால் அடியை வாங்காமல் அப்படியே போனுக்குக் கொடுத்துவிடும். வியர்த்த கையில் வழுக்கவும் செய்யும். கோடவுனில் மூட்டை தூக்குபவர், லாரியில் போகிறவர், கட்டிட வேலைக்குப் போகிறவர்களுக்கு உள்ளே மெத்தை, வெளியே கெட்டி என்று இரண்டு அடுக்காக வரும் கவரே சரி. கனமாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில கவர்களின் அட்டையில் 'மில்ட்ரி தரம்' என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் 'மில்-எஸ்.டி.டி. 810' என்ற சோதனை முறையைச் சொல்கிறார்கள். 122 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து 26 தடவை போடும் சோதனை அதில் இருக்கிறது. போடும் தரை எது தெரியுமா? கான்கிரீட்டின் மேல் விரித்த ஒட்டுப்பலகை. ஒரே பொருளை 26 தடவை போட வேண்டும் என்பதும் இல்லை. 5 வரை எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். கம்பெனி தானே சோதித்துத் தானே எழுதிக்கொள்வதும் உண்டு. சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒட்டுப்பலகை இல்லை.

தாராவித் தோல்

அலுவலகக் குமாஸ்தாக்களுக்குப் பிடித்தது புத்தகம் போல மூடும் ஃபிளிப் கவர். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு பைப்பில் தண்ணீர் குடிக்கக் குனியும்போது போன் நழுவினாலும், திரை மூடியிருக்கும். அந்த வகையில் அது நல்ல காவல்.

தாராவித் தமிழர்களுக்குத் தோலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே நெல்லைச் சீமையில் இருந்து வந்த தமிழர்கள், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள், இங்கே தோல் பதனிடும் வேலையில் இறங்கினார்கள். 1971-ல் மாடு வெட்டும் தொட்டி பாந்த்ராவில் இருந்து தேவனாருக்குப் போயிற்று. பதனிடும் தொழிலும் காலப்போக்கில் தாராவியை விட்டு விலகியது. வெட்டுவதும் தைப்பதும் தங்கிவிட்டன. சென்னை, கான்பூர் போன்ற இடங்களில் இருந்து பதமான தோல் வந்து இறங்க, இங்கே அது பர்சாகவும் பெல்ட்டாகவும் போன் உறையாகவும் மாறுகிறது.

அசல் தோலா, ரெக்சினா என்று பார்க்க வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோல் என்றால் நார் நாராகத் தெரியும். ரெக்சினில் துணியும் அதன் மேல் ஒரு பூச்சும் தனித்தனியாகத் தெரியும். ரெக்சின் இரண்டு மழைக்காலத்தில் செதில் செதிலாக உரியும். தோல் உரியாது, ஆனால் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் காயப் போட்டால் விறைத்துவிடும்.

ஃபிளிப் கவரில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. ஏ.டி.எம். கார்டு, ஆதார், அவசரத்துக்கு 500 ரூபாய் நோட்டு என்று எல்லாவற்றையும் அதற்குள் செருகிவிடுகிறார்கள். போன் பறிபோனால் எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும். ஊரைவிட்டு வந்தவனுக்கு, இந்த நகரத்தில் தன்னை இன்னான் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது. கார்டு வேறு பையில் இருக்கட்டும்.

தடித்த கவர் எதுவானாலும் சூட்டை அடைத்து வைக்கும். தகரக் கூரை அறையில், ஏப்ரல் மாதத்தில், கவரோடு சார்ஜ் போட்டால் போன் தோசைக்கல் ஆகிறது. சார்ஜ் செய்யும்போது போன் சூடானால் முதலில் கவரைக் கழற்றுங்கள் என்று ஆப்பிள் கம்பெனியே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறது. சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

மழை வந்தால்

2005 ஜூலை 26-ந்தேதியை மும்பைவாசிகள் மறக்க முடியாது. சாந்தாகுருசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அவ்வளவு வேண்டாம். சாதாரண ஜூன் மழைக்கே கிங்ஸ் சர்க்கிள் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர்.

சாதாரணக் கவர் எதுவும் தண்ணீரைத் தடுக்காது. கவருக்கும் போனுக்கும் நடுவே புகுந்த தண்ணீர் அங்கேயே தங்கும். நனைந்தால் உடனே கவரைக் கழற்றித் துடைக்க வேண்டும். 'ஐ.பி. 67' என்று எழுதிய போன் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று கணக்கு. அது புதுப் போனுக்கு, ஆய்வுக்கூடத்தின் நல்ல தண்ணீரில். போன் பழசானால் உள்ளே இருக்கும் அடைப்பு தளரும். தண்ணீரால் வந்த சேதத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டியில் ஏற்பதில்லை.

கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் பவுச் மழைக்காலத்துக்கு நல்லது. வாங்கியதும் போனை உள்ளே வைத்துவிடாதீர்கள். காய்ந்த காகிதத்தை உள்ளே போட்டு மூடி, அரை மணி நேரம் பக்கெட் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். காகிதம் நனையாமல் இருந்தால்தான் போன் உள்ளே போகலாம்.

ரெயில் வாசலில்

இப்போது கவரோடு மணிக்கட்டில் மாட்டும் கயிறும் விற்கிறார்கள். கடைத்தெருவில், இட்லி விற்கும் இடத்தில், ஆபீஸ் படியில் அது நல்ல காவல். லோக்கல் ரெயில் வாசலில் நிற்கும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள்.

'ஃபட்கா' திருடர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரெயில் வேகம் குறையும் இடத்தில் தண்டவாள ஓரம் நின்று, வாசலில் இருப்பவர் கையில் கம்பால் அடித்துப் போனை விழ வைப்பவர்கள். கயிறு கையில் இருந்தால் போனோடு ஆளும் இழுபடுவார். உள்ளே நில்லுங்கள், போன் பையில் இருக்கட்டும்.

போன் தண்டவாளத்தில் விழுந்துவிட்டால் குதிக்க வேண்டாம். காரணமில்லாமல் அபாயச் சங்கிலியை இழுத்தால் அபராதம் அல்லது ஜெயில். ஜன்னல் வழியே பார்த்து, ஓரத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டேஷனில் ரெயில்வே பாதுகாப்புப் படையிடமோ, 139-க்குப் போன் செய்தோ அந்த எண்ணைச் சொன்னால் தேட ஓர் இடம் கிடைக்கும். நல்ல கவர் போட்ட போன் அங்கே முழுசாகக் கிடக்கவும் வாய்ப்பு உண்டு.

திருட்டுப் போனால், 2023 மே மாதம் நாடு முழுவதும் வந்த சஞ்சார் சாத்தி ஏற்பாட்டின் மூலம் போனையே முடக்கச் சொல்லலாம். அதற்கு போலீஸ் புகாரும் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் வேண்டும். *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். சிலர் பெட்டியில் இருந்த எண் சீட்டைப் பத்திரமாகக் கவருக்குள்ளேயே ஒட்டி வைக்கிறார்கள். திருடனுக்கு அது எதற்கு? வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

கவருக்குள் வைக்க வேண்டிய சீட்டு வேறு ஒன்று இருக்கிறது. ரெயில் விபத்தில் அடிபட்டு நினைவு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரின் போன் பூட்டியிருக்கும், அல்லது நொறுங்கியிருக்கும். வீட்டாருக்குத் தகவல் சொல்ல வழி தெரியாமல் போலீசார் தவிப்பார்கள். கண்ணாடி போன்ற கவர் என்றால், முதுகுப் பக்கம் உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வைக்கலாம். பெயர், ரத்த வகை, மும்பையில் ஒருவர் எண், ஊரில் ஒருவர் எண். தமிழில் மட்டும் எழுதினால் இங்கே எடுத்துப் பார்ப்பவருக்குப் புரியாது. இந்தியிலோ மராத்தியிலோ தெரிந்தவரிடம் எழுதி வாங்குங்கள். பேனா மை மழையில் கரையும். பென்சிலில் எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள்.