நம்பவைக்கும் பாட்டு

அமெரிக்கக் கன்ட்ரி இசையைக் கேட்ட முதல் நாளே மனதைப் பறிகொடுத்தவர்கள் குறைவு. மூக்கால் பாடுவது போன்ற குரல், திரும்பிய பக்கமெல்லாம் பிரிவும் குடியும், மூன்றே கார்டுகளுக்குள் முடிந்துவிடும் மெட்டு: புதிதாகக் கேட்பவர்கள் சொல்லும் குறைகள் இவைதான். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கொஞ்சநாள் பொறுமையாகக் கேட்டவர்களில் பலர் பிறகு அதை விடுவதே இல்லை. பிடித்த குழு ஏதோ ஒரு ஊரில் வாசிக்கிறது என்றால் நாளெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்கிறார்கள். தாமதமாகப் பிடிப்பதற்கும் பிடித்தபின் நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றுவதற்கும் காரணம் ஒன்றுதான். கன்ட்ரி பாட்டு, ஒருவர் நம்மைப் பார்த்துச் சொல்லும் கதை. சொல்பவர்மேல் நம்பிக்கை வந்தால்தான் கதை உள்ளே இறங்கும். நம்பிக்கை வர நாளாகும். அந்த நம்பிக்கைக்குப் பரீட்சை வைக்கும் இடம் மேடை.

ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-இல் பாடிய ‘ஹி ஸ்டாப்ட் லவிங் ஹெர் டுடே’ பாட்டை எடுத்துக்கொள்வோம். பாபி பிராடக்கும் கர்லி பட்மனும் எழுதியது. பாடுபவர் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். சாகும்வரை அவளையே நேசிப்பேன் என்றவன் அவன். அவள் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். பழைய கடிதங்களில் அவள் அன்பைச் சொன்ன இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறான். பல வருடத்துக்குப் பிறகு இன்றுதான் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன் என்கிறார். அடுத்து வாசலில் மலர்வளையம் வருகிறது. அவன் காதலை விட்டுவிட்டான் என்ற தலைப்பின் பொருள் அப்போதுதான் உறைக்கிறது. பாட்டின் நடுவே ஜோன்ஸ் பாடுவதை நிறுத்திவிட்டு, அவள் கடைசியாக வந்து பார்த்ததைப் பேச்சாகச் சொல்கிறார். சொல்லைத் தொடராமல் மெட்டை மட்டும் கேட்பவருக்கு இது இன்னொரு சோகப் பாட்டு. அந்தச் சிவப்புக் கோட்டைக் கவனித்தவருக்கு அது மறக்காது. மெட்டு எளிமையாக இருப்பது கற்பனை வறட்சியால் அல்ல. கதைக்கு வழிவிட்டு அது ஒதுங்கி நிற்கிறது.

இந்த இசை வளர்ந்த விதமே கேட்பவரை எதிரில் வைத்துக்கொண்டுதான். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் டபிள்யூ.எஸ்.எம். வானொலி, 1925 நவம்பர் 28 அன்று ஒரு முதிய ஃபிடில் கலைஞரை வாசிக்கவைத்தது. நிலையத்தை நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். பிறகு ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்று பெயர் பெற்ற அந்த நிகழ்ச்சியை வீட்டிலிருந்து கேட்டது போதாமல் ஜனங்கள் நிலையத்துக்கே வரத் தொடங்கினார்கள். அவர்கள் உட்காரப் பெரிய இடம் தேட வேண்டியதாயிற்று. 1943 முதல் 1974 வரை ஓப்ரி நடந்த ரைமன் அரங்கம், 1892-இல் மதப் பிரசங்கக் கூடமாகக் கட்டப்பட்டது. இன்றும் அங்கே மர பெஞ்சுகள்தான் இருக்கை. நூறாண்டு ஆகியும் ஓப்ரி நேரலையாகவே ஒலிபரப்பாகிறது; ஒரே இரவில் பலர் வந்து, ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டுப் பாடிவிட்டுப் போகிறார்கள். 1927-இல் பிரிஸ்டல் ஊரில் ரால்ஃப் பியர் என்பவர் பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கி, கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ரோஜர்ஸையும் முதன்முதலாக இசைத்தட்டில் ஏற்றியதை இந்த இசையின் பிறப்பு என்பார்கள். அவர் பதிவு செய்ததும் அதற்கு முன்பே வீட்டுத் திண்ணையிலும் தேவாலயத்திலும் பிறர் முன்னால் பாடிப் பழகிய பாட்டுகளைத்தான்.

இசைக்கருவிகளும் பேசத்தான் செய்கின்றன. பெடல் ஸ்டீல் கிடாரை உட்கார்ந்து வாசிப்பார்கள். இடது கையில் உலோகத் துண்டு தந்திமேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் சுருதியைக் காலால் மிதிக்கும் பெடலும் முழங்காலால் தள்ளும் நெம்புகோலும் ஏற்றி இறக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இழைந்து போகும் அந்த ஓசை, சித்திரவீணை கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாக இருக்காது. பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது நுழைந்து, சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டு விலகும். பதிவில் இது பின்னணியில் கரைந்துவிடலாம். எதிரே உட்கார்ந்து பார்க்கும்போது பாடகருக்கும் ஸ்டீல் வாசிப்பவருக்கும் நடக்கும் உரையாடல் கண்ணுக்கே தெரியும்.

இதெல்லாம் வேஷம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொப்பியும் பூட்ஸும் நாட்டுப்புற உச்சரிப்பும் விற்பனைச் சரக்கு என்பதற்குச் சாட்சி ஓப்ரியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கோட் சூட்டோடு வந்த வாத்தியக்காரர்களுக்கு, நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே பட்டிக்காட்டு உடை மாட்டிவிட்டார். டாக்டர் ஹம்ஃப்ரி பேட் என்ற நிஜ மருத்துவரின் குழுவுக்கு ‘பாசம் ஹன்டர்ஸ்’ என்று வேட்டைக்காரப் பெயர் கிடைத்தது. சிறைவாசிகளின் குரலாகக் கொண்டாடப்படும் ஜானி கேஷ், சில இரவுகள் லாக்கப்பில் கழித்தாரே தவிர, சிறைத் தண்டனை அனுபவித்தவர் அல்ல. ஆகவே ‘வாழ்ந்தவன்தான் பாட முடியும்’ என்ற வாதம் நிற்காது. ஆனால் நம்பகம் என்பது பிறந்த ஊரிலோ உடையிலோ இருப்பதாக யார் சொன்னது? தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுபவர் அஸ்தினாபுரத்துக்காரரா என்று நாம் விசாரிப்பதில்லை. எதிரில் இருப்பவர்களிடம் அந்தக் கதை செல்லுபடியாகிறதா என்பதுதான் கேள்வி.

1968 ஜனவரி 13 அன்று கேஷ் இந்தப் பரீட்சையைக் கலிஃபோர்னியாவின் ஃபால்சம் சிறைக்குள் கைதிகள் முன் எழுதினார். கடைசியாக அவர் பாடிய ‘கிரேஸ்டோன் சேப்பல்’, அதே சிறையில் இருந்த கிளென் ஷெர்லி எழுதியது. முந்தின நாள்தான் கேஷ் கைக்கு வந்து, இரவோடு இரவாகக் கற்றுக்கொண்ட பாட்டு. எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் பாட்டு அங்கே பாடப்படப் போவது அவருக்குத் தெரியாது. ‘அதுதான் ஆல்பமாகவே கிடைக்கிறதே, நேரில் எதற்கு?’ என்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு பாட்டில், ஒருவனைச் சும்மா வேடிக்கைக்காகச் சுட்டதாக வரும் வரிக்குப் பின் அந்த ஆல்பத்தில் கேட்கும் ஆரவாரம், பிற்பாடு ஸ்டூடியோவில் சேர்த்தது. காவலர் சூழ்ந்திருக்க, கைதிகள் அந்த இடத்தில் அடங்கித்தான் இருந்தார்கள். நேரடிப் பதிவும் ஒரு தொகுப்புதான். அங்கே இருந்தவர்கள் கேட்ட மௌனம் அதில் இல்லை.

நேரில் பார்க்க வேண்டும் என்பது தனிப்பாடகரைவிடக் குழுக்களுக்கு இன்னும் பொருந்தும். நாஷ்வில்லில் பெரும்பாலான தனிப்பாடகர்களின் பதிவுகளில் வாசிப்பவர்கள் ஸ்டூடியோக் கலைஞர்கள்; ஊர் ஊராக உடன் போவது வேறு ஆட்கள். ஒரே ஆட்கள் சேர்ந்து எழுதி, வாசித்து, பயணம் செய்யும் குழுவின் கதை வேறு. ‘ஓல்ட் க்ரோ மெடிசின் ஷோ’ தெருமுனைகளில் வாசித்து வளர்ந்த குழு. வட கரோலினாவில் பூன் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடை வாசலில் வாசித்துக்கொண்டிருந்தபோது, கிடார் மேதை டாக் வாட்சனின் மகள் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னதில்தான் அவர்களுக்கு வழி திறந்தது. நின்று கேட்காமல் நடந்துபோகிறவரை நிறுத்தத் தெரிந்தவர்கள். அவர்களுடைய ‘வேகன் வீல்’, பாப் டிலன் 1973-இல் அரைகுறையாக விட்டுவைத்த ஒரு பல்லவிக்கு, கெட்ச் சீகோர் பள்ளிப் பருவத்தில் சரணங்கள் எழுதியதால் பிறந்தது. வடகிழக்கிலிருந்து காதலியின் ஊருக்கு லிஃப்ட் கேட்டுப் போகிறவனின் கதை. அதில் ஒரு பிழையும் உண்டு: கம்பர்லேண்ட் கணவாயிலிருந்து மேற்கே போனால் ஜான்சன் சிட்டி வராது, அது கிழக்கே இருக்கிறது. அரங்கத்தில் கூட்டம் மொத்தமும் பிழையோடு சேர்த்தே பாடுகிறது. வரைபடம் தவறினாலும் ஊர் திரும்பும் தவிப்பு தவறவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபணை, இது வெள்ளையர்களின், அதிலும் பழமைவாதிகளின் இசை என்பது. தொழிலைப் பற்றிய அளவில் இது பெரிதும் சரி. ஓப்ரியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி, மவுத் ஆர்கனில் ரயிலை ஓடவைத்த கறுப்பினக் கலைஞர், 1941-இல் வெளியேற்றப்பட்டார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005-இல், மறைந்து 20 ஆண்டுக்கு மேல் கழித்து. 2003-இல் லண்டன் மேடையில் ஈராக் போரையும் அதிபர் புஷ்ஷையும் கண்டித்ததற்காக ‘டிக்சி சிக்ஸ்’ குழுவின் பாட்டுகளை வானொலிகள் ஒதுக்கிவைத்தன. ஆனால் இசையைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. பான்ஜோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்தது. கார்ட்டர் குடும்பத்துக்காக மலைக் கிராமங்களில் பாட்டுச் சேகரித்தபோது உடன் அலைந்து மெட்டுகளை மனதில் ஏற்றி வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார் கலைஞர். ‘வேகன் வீல்’ பாட்டை 2013-இல் கன்ட்ரி தரவரிசையின் உச்சிக்குக் கொண்டுபோன டேரியஸ் ரக்கரும் கறுப்பினத்தவரே. தொழில் செய்த அநீதிக்காக இந்த இசையைத் தள்ளிவைத்தால், அதைச் செய்துகொடுத்த பாதிப் பேரை இரண்டாம் முறை வெளியேற்றியவர்கள் ஆவோம்.

கடைசியாக, இன்றைய ஸ்டேடியக் கச்சேரிகளில் ராட்சதத் திரைகளுக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவே கதையாவது ஒன்றாவது என்பார்கள். சின்ன இடம் மேல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நாஷ்வில்லின் ‘புளூபேர்ட் கஃபே’யில் சுமார் 90 பேர்தான் உட்காரலாம், பாட்டெழுதியவர்களே வட்டமாக அமர்ந்து பாடுவார்கள், பேசுகிறவர்களை நிர்வாகமே அடக்கும். ஆனாலும் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ட்ரேசி சாப்மன் 1988-இல் பாடிய ‘ஃபாஸ்ட் கார்’, வறுமையிலிருந்து தப்பியோட நினைக்கும் ஓர் இளம்பெண்ணின் கதை. அதை 2023-இல் லூக் கோம்ப்ஸ் பாடினார். கடையில் வேலை பார்க்கும் பெண்ணை ஆணாக மாற்றாமல், அவள் சொல்வதாகவே வைத்துக்கொண்டார். தாடி வைத்த, கனத்த குரல் பாடகர் ஸ்டேடியம் நிறைந்த கூட்டத்தின் முன் அவளாக நின்று பாட, கூட்டம் வரிக்கு வரி கூடப் பாடியது. அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாட்டு விருது சாப்மனுக்குப் போனது. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாட்டாசிரியர் அவர். எனவே பிடித்த குழு எந்த அரங்கில் வாசித்தாலும் சீட்டு வாங்கலாம். போகுமுன் பாட்டுகளின் சொற்களை நன்றாகக் கேட்டுவிட்டுப் போவது மட்டும் அவசியம். கதை தெரிந்தவருக்குத்தான் அன்றிரவு அதை எப்படிச் சொன்னார்கள் என்பது புரியும்.