பாதிரியார் உள்ளே வரலாமா?

இங்கிலாந்தின் போல்டன் நகரில் 1877-இல் ஒரு கால்பந்து அணிக்கும் ஆலயத்தின் குருவானவருக்கும் சண்டை. கிறைஸ்ட் சர்ச் ஆலயத்தின் ஓய்வுநாள் பள்ளிப் பையன்களுக்காக மூன்று வருடம் முன்பு தொடங்கிய கால்பந்து அணி அது. கூடிப் பேச ஆலயத்தின் அறை கிடைத்தது. கூடவே குருவானவரின் நிபந்தனையும் வந்தது: நான் இல்லாமல் இங்கே எந்தக் கூட்டமும் நடக்கக் கூடாது. பையன்கள் பொறுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. ஆலயத்தின் பெயரையும் அறையையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள். நிலையான மைதானம் இல்லாமல் அலைந்ததால் ‘வாண்டரர்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்களாம். போல்டன் வாண்டரர்ஸ் பிறந்த கதை இது.

குருவானவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. ஓய்வுநாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு கிரிக்கெட் ஆடப் போன எவருக்கும் அவரைப் போல ஒருவரைத் தெரிந்திருக்கும். தொழிற்சாலை ஊர்களில் வாலிபர்கள் குடியிலும் தெருச் சண்டையிலும் போய்விடாமலிருக்க ஆலயங்கள் அன்று பந்தைக் கையில் எடுத்தன. எவர்டன் மெதடிஸ்ட் சபையில் பிறந்தது. மான்செஸ்டர் சிட்டிக்கும் சவுத்தாம்ப்டனுக்கும் ஃபுல்ஹாமுக்கும் வேர் ஆலயத்தில்தான். 1885-இல் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது சட்டப்படி ஆனது. டிக்கெட் காசும் சம்பளமும் வந்த இடத்தில் பாதிரியாருக்கு வேலை குறைந்தது. சனிக்கிழமை மைதானம், ஞாயிறு ஆலயம் என்று இரண்டும் தனித்தனியாகப் போயின.

அப்போது ஆட்டக்காரர் ஊர்க்காரர் மாதிரி. 1961 வரை வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. அது நீங்கியபோது வரம்பு 20 பவுண்டுதான். ரசிகர் ஏறுகிற பஸ்ஸில்தான் அவரும் ஏறுவார். அவர் வீட்டில் இழவு விழுந்தால் தெருவே வந்து நிற்கும். இன்றைக்குப் பத்தொன்பது வயதுப் பையன் வேறொரு கண்டத்திலிருந்து வந்து இறங்குகிறான். கையில் பணம் உண்டு, வாசலில் கார் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால் யாரிடம் சொல்வான்? மேனேஜரிடம் சொன்னால் சனிக்கிழமை அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம் இருக்கும்.

இந்த இடைவெளியில்தான் சாப்ளின் வந்தார், அதாவது மனிதர்கள் இருக்கும் இடத்துக்கே போய்த் துணை நிற்கும் போதகர். வேலூர் சி.எம்.சி.யில் நோயாளிகளைப் பார்க்க வரும் சாப்ளினைத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையை அதிகம் விளக்க வேண்டாம். வாட்ஃபோர்ட் கிளப்புக்கு 1977-இல் ஜான் பாயர்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் இப்படிப் போகத் தொடங்கினார். கிரஹாம் டெய்லர் அங்கே மேனேஜராக வந்து சேர்ந்த வருடமும் அதுதான். போல்டனின் சண்டைக்குச் சரியாக நூறு வருடம் கழித்து! 1991-இல் விளையாட்டுச் சாப்ளின்களுக்கென ஒரு அமைப்பைத் தொடங்கினார் பாயர்ஸ். அடுத்த வருடம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். இன்று ரக்பியிலும் குதிரைப் பந்தயத்திலும்கூடச் சாப்ளின்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். உள்ளூர்ச் சபையைக் கவனித்துக்கொண்டே வாரத்தில் அரை நாள், ஒரு நாள் கிளப்புக்கு வருகிறார்கள்.

அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. மனிதர்களைத் தேடி நீயே போ. மதத்தை அவர்கள் கேட்டால் மட்டும் எடு. அதனால் வேலை கேன்டீனில்தான் நடக்கிறது. டீக் கோப்பையோடு சமையல்காரம்மாவிடம் முழங்கால் வலி எப்படி என்று கேட்பது, அழுக்கு ஜெர்சிகளைத் துவைக்கும் அறையில் பத்து நிமிடம் நிற்பது, காயம்பட்டு மாதக்கணக்கில் தனியாகச் சைக்கிள் மிதிப்பவரின் பக்கத்தில் உட்கார்வது. கேட்டதை மேனேஜரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றோடு சரி.

ஒப்பந்தம் கிடைக்காமல் பதினெட்டு வயதில் வெளியே அனுப்பப்படும் அகாடமிப் பையன்கள் என்னை உறுத்துகிறார்கள். எட்டு வயதிலிருந்து வேறு எதையும் கனவு காணாதவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் அப்பாவுக்காகக் காத்திருப்பான். அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் போய் நிற்பதற்கு எந்தப் பயிற்சியாளருக்கும் சம்பளம் கிடையாது.

போல்டனுக்கே திரும்புவோம். 2012 மார்ச் 17, எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. டாட்டன்ஹாம் மைதானத்தில் போல்டனின் ஃபப்ரிஸ் முவாம்பா சுருண்டு விழுந்தார். வயது 23. அவருடைய இதயம் தானாகத் துடிக்க 78 நிமிடம் ஆனது. லண்டன் மருத்துவமனையில் அவர் குடும்பத்தோடு இருந்தவர்களில் ஒருவர் போல்டன் கிளப்பின் சாப்ளின் பில் மேசன். நான் இல்லாமல் கூட்டம் கூடாதே என்ற குருவானவரை உதறிய அதே கிளப்! முவாம்பா பிழைத்தார், அந்த ஆகஸ்டிலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

எல்லா நாளும் அப்படி நாடகமாக இருப்பதில்லை. செத்துப்போன ரசிகரின் சாம்பலை மைதானத்தில் தூவ வேண்டும் என்று குடும்பம் வந்து நிற்கும். சாம்பல் புல்லைக் கெடுக்கும் என்று பல கிளப்கள் விடுவதில்லை. அவர்களைச் சமாதானப்படுத்தி, ஓரமாக நிற்கவைத்து ஒரு ஜெபம் சொல்லி அனுப்புவதும் சாப்ளின் தலையில்தான்.

மேனேஜர்களோ ஒரு சீசன் தாங்கினால் பெரிது. புது ஆள் வந்து அறைக் கதவில் பெயர்ப்பலகை மாறிய மறுநாள், பழைய சாப்ளின் போய்த் தட்டுவார். தான் யார் என்று முதலிலிருந்து சொல்லி, வழக்கம்போல் வரலாமா என்று கேட்பார்.