கந்தைப் போர்வை

கந்தை என்னுஞ் சொல்லை நாம் பெரும்பாலும் இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்குகின்றோம். வங்காள நாட்டினரோ அதனோடு உறவுடைய 'காந்தா' என்னும் பெயரைத் தம் இல்லங்களிற் பேணும் அருமைப் பொருளொன்றற்கு இட்டிருக்கின்றனர். உடுத்து மெலிந்த புடைவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கித் தைத்த போர்வையே அஃது. பன்முறை வெளுத்த பருத்தியே ஊசிக்கு எளிதில் இடந்தரும். குழவியின் மேனிக்கும் இதமாயிருக்கும். தைக்கும் நூலையும் பழம்புடைவையின் கரையினின்று உருவிக்கொள்வது அந்நாட்டுப் பெண்டிர் வழக்கமாயிருந்தது. நடுவே தாமரையும், மூலைகளில் மரங்களும், இடையிடையே மீனும் யானையும் அவர்கள் ஊசியினின்று தோன்றும். கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னுங் கதைப்பாட்டிலே, கணவனைப் பிரிந்த பெண்ணொருத்தி தன் வாழ்க்கையையே போர்வையில் தைத்து வைக்கின்றாள்.

இத்துணைக்கும் பயன்படுந் தையல் பெரும்பாலும் ஊசியை மேலுங் கீழுமாக விட்டு வாங்கும் நூலோட்டமே. ஆதலின் சிறாரும் இதிற் கைவைக்கலாம். சென்ற கோடை விடுமுறையில் எம் வீட்டில் அவ்வாறே செய்தோம். காலஞ்சென்ற பாட்டியாரின் புடைவைகள் ஒரு பெட்டியில் இருந்தன. அவர் ஞாயிறுதோறும் ஆலயத்திற்கு உடுத்த வெண்புடைவையைத் தொடலாகாதென்று பாட்டனார் ஒரு நாள் முழுதும் எங்களோடு பேசவில்லை. கத்தரிக்க வேண்டுவதில்லை, மடித்து அடுக்கினாற் போதும் என்று விளக்கிய பின்னர்த் தாமே அதனை எடுத்துக் கொடுத்தார்.

மிகவும் நைந்தவற்றை உள்ளே வைத்து, உரமானவற்றை மேலுங் கீழும் இடவேண்டும். துவைத்துலர்த்திய துணிகளைத் தரையிற் சுருக்கமின்றி விரித்து, மூலைகளிற் கல் வைத்து, ஒரு சாண் இடைவிட்டு நீண்ட தையல்களால் முதலிற் பிணைத்துக்கொள்க. பின்னர் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்துச் செல்க. மாறிச் செய்தாற் சுருக்கம் நடுவிலே திரண்டுவிடும். சிறார்க்குக் காது பெரிய ஊசியும் ஒரு முழ நூலுமே தருக. நூல் நீண்டாற் சிக்கும். சிக்கினால் அவர்கள் எழுந்து போய்விடுவர்!

ஏழு வயதுடைய என் தங்கை தன் கையைத் துணிமேல் வைத்துச் சுற்றிலுஞ் சுண்ணக்கட்டியாற் கோடிட்டு, அதன்மேல் தைத்தாள். தையல் கோட்டிலே நிற்கவில்லை. அன்றிரவு என் அன்னையார் அதனைப் பிரித்துச் செவ்வையாகத் தைத்துவிட்டார். காலையில் அவள் வந்து நோக்கி, "நான் தைத்தது எங்கே, அம்மா?" என்று கேட்டாள். அன்னையார் மறுமொழி கூறவில்லை; தாம் தைத்ததைப் பிரித்து ஊசியை அவளிடங் கொடுத்தார். இரண்டாம் முறை தைத்தது முன்னையினும் கோணலாயிற்று.

இத்தகைய தையலிற் கால்விரல் மாட்டிக்கொள்ளுமென அஞ்சினால், அதனைப் பிரியாமல், அருகே சிறு தையலொன்றை ஓட்டிவிடுதலே தக்க வழி. எம் அன்னையார் பின்னர் அவ்வாறே செய்தார்.

போர்வை இப்பொழுது பாட்டனாரின் கட்டிலிற் கிடக்கின்றது. தங்கையின் கை தைத்த பக்கத்தையே அவர் மார்பின்மேல் இழுத்துப் போர்த்திக்கொள்கின்றார்.