வேதாரண்யத்து உப்பு

சமையலறையில் உப்பு ஜாடியைத் திறக்கும்போது நீங்கள் எந்த ஊரை நினைத்துக் கொள்கிறீர்கள்? எந்த ஊரையும் இல்லை, அல்லவா? குழம்பில் உப்புக் குறைந்தால்தான் உப்பின் நினைவே நமக்கு வருகிறது!

வங்கக் கடலோரம் தெற்கே ஓடிவந்து, சட்டென்று மேற்கே திரும்பும் முனைதான் கோடியக்கரை. பூங்குழலி படகு விட்ட இடம் என்றால் 'பொன்னியின் செல்வன்' ரசிகைகளுக்குப் போதும். அதற்குச் சற்று வடக்கே வேதாரண்யம். அப்பரும் சம்பந்தரும் பாடிக் கதவைத் திறக்கவும் அடைக்கவும் செய்ததாகச் சொல்லும் மறைக்காட்டுக் கோயில் இங்கேதான். காட்டில் வெளிமான்கள் துள்ளுகின்றன. குளிர் காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. எல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் ஊரின் பிழைப்பைப் பார்க்க அகஸ்தியம்பள்ளி உப்பளங்களுக்குப் போக வேண்டும்.

இந்த மண்ணில்தான் 1930 ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். திருச்சியிலிருந்து ஏப்ரல் 13-ஆம் தேதி தொண்டர்களுடன் கால்நடையாகவே புறப்பட்டு வந்தவர் அவர். ஊருக்குள் அவர்களை வரவேற்று ஏற்பாடு செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. பெண்களுக்காக 1946-இல் கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலத்தை நிறுவியவரும் அவரே. வேதாரண்யத்தில் உப்புக்காகச் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி அம்மாள், பிற்பாடு சென்னை மாகாண மந்திரியானார். ஆண்கள் மட்டுமே செய்த போர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது!

அளத்து வேலை பார்க்கச் சுலபம் போலத் தோன்றும். உவர் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட்டால், கடைசிப் பாத்தியில் உப்புப் பூக்கிறது. பலகையால் வாரிக் குவிக்க வேண்டியதுதான். ஆனால் மேலே சூரியன், கீழே வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும் கூசல். உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது. வெடிப்பில் மறுபடியும் உப்பு நீர். சுண்டுவிரலில் கத்தி பட்ட அன்று புளி கரைத்த அனுபவம் இருந்தால், இந்த வேதனை உங்களுக்குக் கொஞ்சம் புரியும்.

நடுவில் ஒரு கோடை மழை பெய்தால், விளைந்தது கரைந்து போகும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோதோ, பாத்திகளில் கடற்சேறு வந்து மூடியது. மறுபடியும் சேற்றை வழித்துத்தான் பாத்தி கட்டினார்கள்.

புயலே இல்லாத வருஷத்திலும், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அளத்தில் வேலை இல்லை. மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. அது நல்ல காரியம். வேலையில்லாத மூன்று மாதத்துக்கு அந்தத் தொகை எத்தனை நாள் வரும் என்பதை, மாதாந்தரக் கணக்கு எழுதும் நீங்களே போட்டுப் பாருங்கள்.