முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

பழைய லான்ட் றோவர் ஒன்றை மீண்டும் வீதிக்குக் கொண்டுவர விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்கள் சிலவற்றில், இடிந்த வீட்டின் பின்புறத்திலோ பற்றை மூடிய வளவின் ஓரத்திலோ பழைய ஜீப் வண்டியொன்று மண்ணில் அமிழ்ந்து நிற்பதைக் காணலாம். அதைத் திருத்தி ஓட்டினால் என்ன என்ற எண்ணம் கண்டவுடன் எழுகின்றது. அந்த எண்ணம் நியாயமானதே. மாரி காலத்தில் உழவு இயந்திரத்தைத் தவிர வேறெதுவும் போகாத பாதைகள் எமக்குண்டு. பிரசவ வலி கண்ட தாயை இரவில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும், நெல்லை ஆலைக்கு ஏற்றவும், பசளையை வயலுக்குக் கொண்டுவரவும் நான்கு சில்லும் இழுக்கும் வண்டி பேருதவியாக இருக்கும். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், பழைய வண்டிகளின் பெறுமதியை எல்லோரும் உணர்ந்து கொண்டனர்.

ஆனால் இவ்வேலை வழக்கமாக எப்படி நடக்கின்றது? எல்லோரும் என்ஜினைச் சுற்றி நிற்கின்றனர். கையிலிருக்கும் பணம் முழுவதும் அதற்கே செலவாகின்றது. ஒருநாள் என்ஜின் இயங்கியதும் ஊரே மகிழ்கின்றது. மறுநாள் பத்துப் பேரும் ஆறு மூட்டையும் ஏறிவிடுகின்றனர். பிறேக்கைப் பார்க்கப் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. இயங்காமல் நிற்கும் வண்டியால் ஆபத்தில்லை; நிறுத்த முடியாத வண்டியாலேயே ஆபத்து. ஆகவே வேலையின் ஒழுங்கை மாற்றுவோம். முதலில் செஸி, அடுத்தது பிறேக், அதன் பின்னரே என்ஜின். பெயின்ற் பூசுவது கடைசி.

கமக்காரருக்காகச் செய்யப்பட்ட வண்டி

பிரித்தானிய றோவர் கம்பனியின் வடிவமைப்புத் தலைவராயிருந்த மோறிஸ் வில்க்ஸ் என்பவர் அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில், போரில் பாவித்துக் கழித்த அமெரிக்க வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பார்த்தே 1947இல் கமத்துக்கேற்ற வண்டியொன்றைச் செய்யும் எண்ணம் உருவானது. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் வாகனக் கண்காட்சியில் லான்ட் றோவர் முதன்முதலாக வைக்கப்பட்டது. போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடாக இருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டினால் செய்தனர். செஸியை மட்டும் உருக்குத் தகடுகளைப் பெட்டி போல் ஒட்டி அமைத்தனர்.

1948 முதல் 1985 வரை சீரிஸ் ஒன்று, இரண்டு, இரண்டு ஏ, மூன்று என இவ் வண்டிகள் வெளிவந்தன. 88 அங்குலம், 109 அங்குலம் என்று சொல்லப்படுவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரமாகும். எமது நாட்டில் அரச திணைக்களங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் இவை பல்லாண்டுகள் ஓடின. இவற்றில் மின்னணுக் கருவிகள் எதுவுமில்லை. ஒரு ஸ்பனர் பெட்டியும் பொறுமையும் உள்ள ஊர்த் திருத்துநர் பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடலாம். வேறு பழைய ஜீப்புகளுக்கும் கீழே கூறப்படும் ஒழுங்கு பெரும்பாலும் பொருந்தும்.

கை வைக்க முன்னர்

போர் நடந்த இடத்தில் பல்லாண்டு கிடந்த வண்டி என்றால், முதலில் அதன் அருகே செல்ல வேண்டாம். போர் 2009 மே மாதத்தில் முடிவடைந்த போதும், கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் வடக்கிலும் கிழக்கிலும் அதன் பின்னரும் எடுக்கப்பட்டு வந்துள்ளன. வண்டியின் உள்ளேயும், அடியிலும், அதைச் சுற்றிய பற்றையிலும் எதுவும் இருக்கலாம். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்துச் சொல்லும் வரை காத்திருங்கள். பிள்ளைகள் அவ்விடத்தில் விளையாட விட வேண்டாம். அதன் பின்னரும் இருக்கையைத் தூக்கும்போது ஒரு தடியினால் தூக்குங்கள். பாம்பும் குளவியும் எலியும் எம்மைவிட முன்னரே அங்கு குடியேறியிருக்கும்.

அடுத்தது, வண்டி யாருடையது? எமது வளவில் நிற்பதனால் அது எமதாகிவிடாது. அதை விட்டுச் சென்றவரும் எம்மைப் போல் இடம்பெயர்ந்தவராக இருக்கலாம். இன்று அவர் வேறோர் ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கலாம். செஸி இலக்கம், என்ஜின் இலக்கம், இலக்கத்தகடு மூன்றையும் குறித்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுடன் ஒப்பிடுங்கள். உரிமையாளரை அல்லது அவரது உரித்தாளரைத் தேடி எழுத்தில் சம்மதம் பெறுங்கள். வண்டி உங்களுடையதாகி, இடம்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் அத்திணைக்களத்தில் விசாரியுங்கள். இந்த அலுவல் முடியும் வரை ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

செஸியைத் தட்டிப் பாருங்கள்

அலுமினிய உடல் துருப்பிடிப்பதில்லை. ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வண்டி நன்றாகவே தெரியும். ஆனால் கீழேயுள்ள உருக்குச் செஸி உள்ளிருந்து வெளியாகத் துருப்பிடிக்கும். பெட்டிக்குள் சேறும் நீரும் தங்குவதே காரணம்.

ஒரு சிறு சுத்தியலால் செஸி முழுவதையும் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். இற்றுப்போனது மந்தமாக ஒலிக்கும், சில இடங்களில் சுத்தியலே உள்ளே போய்விடும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், வில்லுத் தகடுகள் பொருத்தப்பட்ட இடங்கள், முன்பக்கக் கொம்புகள், சாரதி கால் வைக்கும் பள்ளம் ஆகியவற்றைக் கூடுதலாக அவதானியுங்கள். அலுமினியமும் உருக்கும் முட்டுமிடத்தில் ஈரம் பட்டால் அலுமினியமும் வெள்ளைத் தூளாக உதிரும்.

ஓரிரு இடங்களில் மட்டும் இற்றிருந்தால், அப்பகுதியை வெட்டிவிட்டுத் தகுந்த தடிப்புள்ள தகட்டினால் வெல்டிங் செய்யலாம். துருவின் மேலேயே தகடு வைத்து ஒட்டுவது ஏமாற்று. எரிபொருள் தாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்திய பின்னரே வெல்டிங் செய்ய வேண்டும். வெறுமையான தாங்கியிலும் பெற்றோல் ஆவி நிற்கும், அது வெடிக்கும். செஸி முழுவதும் இற்றுப் போயிருந்தால் அவ்விடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பாகங்களாக விற்று அந்தப் பணத்தை வேறெதற்கும் பயன்படுத்துவதில் வெட்கமில்லை.

பிறேக்

சில்லுகளைக் கழற்ற முன் ஒரு எச்சரிக்கை. இவ் வண்டியின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டியின் பின்னாலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் தண்டையே பிடிக்கின்றது. பின் சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்தியதும், உயர்ந்த சில்லு சுழல, நிலத்திலுள்ள சில்லு உருளத் தொடங்கும். கைப்பிறேக் இழுத்திருந்தாலும் வண்டி ஜக்கிலிருந்து விழும். ஆகவே மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருவரும் படுக்க வேண்டாம். உறுதியான மரக்குற்றிகளில் செஸியைத் தாங்க விடுங்கள்.

டிறம்மைக் கழற்றியதும் உள்ளேயுள்ள தூசியை ஊத வேண்டாம். பழைய பிறேக் லைனர்களில் கல்நார் இருந்தது. அது நெஞ்சுக்குள் போனால் பல ஆண்டுகளின் பின்னும் நோய் தரும். ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் புதைத்துவிடுங்கள்.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. பல்லாண்டு நின்ற வண்டியில் அந்த ஈரம் சில்லுச் சிலிண்டர்களையும் மாஸ்ரர் சிலிண்டரையும் அரித்திருக்கும். றப்பர்கள் யாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். உருக்குக் குழாய்களில் துரு இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். இவற்றுள் பெரும்பாலான வண்டிகளில் நான்கு சில்லுக்கும் ஒரே ஒயில் வழிதான் உண்டு. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சில்லிலும் பிறேக் போய்விடும். றப்பர்களை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவ வேண்டாம். பிறேக் ஒயிலுக்குப் பதிலாக என்ஜின் ஒயில் விடவும் வேண்டாம். இவை றப்பரை ஊதிப் பழுதாக்கும்.

காற்றை வெளியேற்றும்போது மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சில்லிலிருந்து தொடங்குங்கள். முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுக்குண்டு. பஞ்சு போலிருந்தால் உள்ளே இன்னும் காற்றுண்டு. இரண்டில் எது இருந்தாலும் வண்டி வளவை விட்டு வெளியேறக் கூடாது.

என்ஜினை எழுப்புதல்

பல்லாண்டு நின்ற என்ஜினைப் பற்றரியால் உடனே சுற்ற வேண்டாம், இன்னொரு வண்டியால் இழுத்துச் சுற்றவும் வேண்டாம். பெற்றோல் என்ஜினாயின் நான்கு பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி என்ஜின் ஒயில் விட்டு, ஒரு நாள் விடுங்கள். பின்னர் கியரை நியூற்றலில் வைத்து, முன்பக்கத்தில் செருகும் ஹான்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் டீசலும் ஒயிலும் கலந்து விட்டுச் சில நாட்கள் காத்திருங்கள். டீசல் என்ஜினாயின் இவ்வேலையைத் தெரிந்த திருத்துநரிடமே விடுங்கள். பின்னர் பிளக்குகளைப் பூட்டி ஹான்டிலால் கிளப்பும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலால் சுற்றிப் பிடித்தால், என்ஜின் பின்னோக்கி உதைக்கும்போது விரலோ மணிக்கட்டோ முறியும்.

பழைய ஒயிலை முழுவதும் வடித்துவிடுங்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின், பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அக்காலத்தில் ஓடிய வண்டியாயின் பிஸ்ரன் வளையங்களும் பெயரிங்குகளும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தாங்கியிலுள்ள பழைய பெற்றோல் பசையாகியிருக்கும். அதை வடித்து, தாங்கியையும் காபரேற்றரையும் துப்புரவாக்குங்கள். றேடியேற்றரில் நீர் விட்டுச் சேற்றை வெளியேற்றுங்கள். எலி கடித்த வயர்களை மாற்றுங்கள். புதிய பற்றரி பூட்ட முன் எந்த முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கின்றது என்று பாருங்கள். 1960களில் வந்த பல வண்டிகளில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மாறிப் பூட்டினால் டைனமோ பழுதாகும்.

2286 கன சென்ரிமீற்றர் என்ஜினில் வால்வு இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து. சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2. எமது நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. பழைய பெற்றோல் என்ஜின்கள் சிலவற்றில் ஈயமில்லாத பெற்றோலால் வால்வு இருக்கைகள் விரைவாகத் தேயும். ஆகவே வால்வு இடைவெளியை இடைக்கிடை அளந்து வாருங்கள். இடைவெளி குறைந்துகொண்டே போனால் அது தேய்வின் அறிகுறி.

மஞ்சள் தலை, சிவப்புத் தலை

கியர்த் தடியின் அருகே மஞ்சள் தலையுடைய தடியும் சிவப்புத் தலையுடைய தடியும் இருக்கும். மஞ்சளைக் கீழே அமுக்கினால் முன் சில்லுகளும் இழுக்கத் தொடங்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் நான்கு சில்லுகளும் குறைந்த வேகத்திலும் கூடிய பலத்திலும் இழுக்கும். சிவப்பை வண்டி நிற்கும்போதே மாற்ற வேண்டும். சேற்றிலும் மணலிலும் மட்டுமே இவற்றைப் பாவியுங்கள். முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைக்கப்படுவதால், காய்ந்த தார் வீதியில் அப்படி ஓடினால் பற்சில்லுகளும் ரயர்களும் பழுதாகும்.

வீதிக்கு வந்த பின்

முதல் ஓட்டம் வளவுக்குள்ளும், இரண்டாவது ஓட்டம் சாரதி மட்டும் ஏறிய வெறும் வண்டியுடனும் இருக்கட்டும். வெடித்த ரயருடன் ஆட்களை ஏற்ற வேண்டாம். காப்புறுதியும், 2008 முதல் நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனைச் சான்றும், பிரதேச செயலகத்தில் பெறும் வருமான அனுமதிப்பத்திரமும் தேவை. இவையின்றி விபத்து நேர்ந்தால், காயப்பட்ட குடும்பத்துக்கு நட்டஈடு கிடைப்பது கடினம்.

சுமையிலும் கட்டுப்பாடு வேண்டும். 88 அங்குல வண்டிக்கு, முன்னிருக்கையில் இருப்போரை விட, ஆறு நெல் மூட்டை போதுமான சுமை. பெற்றோல் வண்டி லீற்றருக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர் அளவிலேயே ஓடும். ஆகவே இது நாளாந்தப் பயணத்துக்குரியதல்ல. கமக்கார அமைப்போ மாதர் சங்கமோ பொறுப்பேற்பதானால், தொடக்கத்திலேயே ஒரு கொப்பியில் மூன்று விடயங்களை எழுதுங்கள். யார் ஓட்டுவது, யாருக்கு முதலிடம், ஒவ்வொரு ஓட்டத்திலும் திருத்த வேலைக்காக எவ்வளவு ஒதுக்குவது. நோயாளிக்கு முதலிடம் என்று முன்னரே எழுதியிருந்தால், இரவு பன்னிரண்டு மணிக்குத் தர்க்கம் வராது.

வேலை தொடங்க முன் இன்னொரு பக்கத்தையும் நிரப்புங்கள். வண்டி அசைய முன் செய்ய வேண்டியவை, முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை, காத்திருக்கக் கூடியவை என மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரலுக்குப் போதிய பணம் சேரும் வரை வண்டி கொட்டிலிலேயே நிற்கட்டும், மேலே ஒரு தறப்பாளைப் போட்டு விடுங்கள். இத்தனை ஆண்டுகள் நின்ற வண்டி இன்னும் ஒரு போகம் நின்றால் கெட்டுவிடாது.